மின்சாரமும் மாலைப் பொழுதும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற மின்பொறியாளர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். சென்ற ஆண்டு இவ்விடத்தில் நின்ற புலவர் அவர்கள் சிலம்பின் சுவையை அள்ளி வழங்கினார்கள். அவர்களைத் தொடர்ந்து மின்சாரத்தைப் பற்றிப் பேச ஒருவன் வருவது, பாயசம் பரிமாறிய இலையிலே கஷாயம் வார்ப்பது போலாகும். ஆயினும் செயலாளர் அவர்கள் விடவில்லை. நாம் பிழைக்க வந்த இக்கர்நாடக மாநிலத்துக்கு மின்சாரம் எப்படி வருகிறது, இனி எப்படி வரும் என்பதை நம் காலனிக் குடும்பங்களுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும் என்று பணித்தார்கள். மின்துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் உழைத்து, அவற்றுள் பதினோர் ஆண்டுகளை மின்சுமையைப் பகிர்ந்தளிக்கும் நிலையத்தில் இரவு பகலாகக் கழித்தவன் நான். எனக்குத் தெரிந்த பொருள் இஃதொன்றே ஆகையால் இசைந்தேன்.

என் பாட்டனார் வட ஆற்காட்டுச் சீமையிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்தவர். இங்கே அமர்ந்திருப்போரில் பலருடைய முன்னோரும் அவ்வழியே வந்தவர்கள்தாம். அந்தத் தங்கவயலுக்காகவே காவிரியில் மின்சாரம் பிறந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். 1902ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், காவிரி சிவசமுத்திரத்திலே பாய்ந்து விழும் வேகத்திலிருந்து ஆக்கிய மின்சாரம், 92 மைல் தூரம் கம்பி வழியே ஓடிக் கோலாரை அடைந்தது. அத்துணைத் தொலைவு மின்சாரத்தைக் கொண்டு செல்வது அன்றைய உலகில் அரியதொரு செயல். அத்திட்டம் உருவாக முன்னின்றவர் மைசூர்த் திவானாக விளங்கிய சர் கே. சேஷாத்திரி ஐயர், பாலக்காட்டுப் பக்கத்தில் பிறந்தவர். அவர் 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் காலமானார். தாம் நட்ட மரம் காய்த்ததைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வந்தது 1905இல்தான், தங்கவயல் முந்திக்கொண்டது.

என் பாட்டனார் இதைப் பெருமையாகவும் சொல்வார், சற்றே கசப்பாகவும் சொல்வார். சுரங்கத்துக்குள்ளே மின்சாரம் இருந்தது. அவர் குடியிருந்த லயன் வீட்டிலே மண்ணெண்ணெய்ச் சிம்னி இருந்தது. அக்காலத்தில் தொழிலாளர் வீடு எங்கும் அப்படித்தான். ஆனால் அவர் அஞ்சியது இருட்டுக்கு அன்று. பூமிக்கு அடியில் பல ஆயிரம் அடி ஆழத்தில் நிற்கும்போது மின்சாரம் நின்றால், காற்று வருவது நிற்கும். நீர் இறைப்பது நிற்கும். ஆளை ஏற்றி இறக்கும் கூண்டு நடுவழியில் நிற்கும். "மின்சாரம் இருப்பது பெரிதில்லை அப்பா, நின்றுபோகாமல் இருப்பதுதான் பெரிது" என்பார். நான் பின்னாளில் பொறியியல் கல்லூரியில் நான்காண்டு படித்ததையும், அவர் இந்த ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நின்றுபோகும் கவலை அன்றே தொடங்கிவிட்டது. மழைக்காலத்தில் பொங்கிய காவிரி கோடையில் மெலிந்தாள்; ஆறு மெலிய, டர்பைனும் தளர்ந்தது. பாசனத்துக்காகவும், சிவசமுத்திரத்துக்குக் கோடையிலும் குறையாமல் நீர் விடுவதற்காகவும் எழுந்ததே கண்ணம்பாடியில் 1911ஆம் ஆண்டு தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணை. விசுவேசுவரையா அவர்களின் பெயரோடு நாம் போற்றும் அந்த அணை, ஒருவகையில் மழைக்கால மின்சாரத்தைக் கோடைக்குச் சேமித்து வைத்த பெட்டகம். இன்று தூய மின்சாரம், பசுமை மின்சாரம் என்று புதியதொன்றைக் கண்டெடுத்தது போலப் பேசுகிறோம். புகையில்லாத மின்சாரம் இம்மாநிலத்துக்கு 1902ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கேட்ட வேளையில் அது கிடைக்கும் என்ற உறுதிதான் இன்றுவரை முழுமையாக வந்துசேரவில்லை.

ஏன் வரவில்லை? அரிசியைக் குதிரிலே கொட்டி வைக்கலாம். மின்சாரத்தை அப்படிக் கொட்டி வைக்க இயலாது. நீங்கள் சுவிட்சைப் போடும் அந்தக் கணத்திலேயே எங்கோ ஓர் இயந்திரம் அதை ஆக்கித் தந்தாக வேண்டும். சைக்கிளில் டைனமோ விளக்கு வைத்து ஓட்டிய பெரியவர்கள் இங்கே இருப்பீர்கள். டைனமோவைச் சக்கரத்தின்மீது சாய்த்தவுடன் மிதி கனக்கும் அல்லவா? ஒரு கோடி வீடுகளில் விளக்குப் போட்டால் ராய்ச்சூரிலும் சராவதியிலும் ஓடும் சக்கரங்களுக்கும் மிதி கனக்கிறது. உடனே வேகம் கொடுக்காவிட்டால் சுழற்சி தளரும். நம் நாட்டு மின்தொகுப்பின் துடிப்பு விநாடிக்கு 50 என்பது கணக்கு, 49.90க்குக் கீழே இறங்கலாகாது, 50.05க்கு மேலே ஏறலாகாது என்பது விதி. பதினோர் ஆண்டுகள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நான் சோறு உண்டிருக்கிறேன். எண் இறங்கிக்கொண்டே போகையில், தொலைபேசியை எடுத்து எந்த ஊரை இருளாக்குவது என்று சொல்ல வேண்டிய வேலையும் என்னுடையதாக இருந்தது. பெரும்பாலும் அது ஒரு நாட்டுப்புறத்து ஊராகவே இருக்கும். பெங்களூரின் நடுப்பகுதியை இருளாக்கச் சொல்லி எனக்கு ஒருமுறையும் உத்தரவு வந்ததில்லை. இதை ஒரு குற்ற ஒப்புதலாகவே உங்கள் முன் வைக்கிறேன்.

சுதந்திரம் பெற்ற பின்னர் சராவதி வந்தது. ஜோகில் 1948ஆம் ஆண்டு முதல் நிலையம். பிறகு லிங்கனமக்கி அணை 1964இல் எழ, பத்து இயந்திரங்களோடு 1,035 மெகாவாட் நிலையம் வளர்ந்தது. அன்று இது நாட்டிலேயே பேர்போன நிலையம்; தமிழ்நாட்டிலிருந்தும் சென்று பணியாற்றியோர் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த அணையின்மேல் நின்று, கண்ணுக்கெட்டிய தூரம் பரந்த நீரைக் கண்டு மெய்சிலிர்த்தேன். நீருக்கு அடியில் ஊர்கள் இருந்தன என்பது அப்போது எனக்குத் தெரியாது. காடேறிப் போன அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், குடியிருக்கும் நிலத்துக்குப் பட்டா கேட்டு இன்னும் நடையாய் நடக்கிறார்கள். நமது விளக்குக்கு எண்ணெய் வார்த்தவர்கள் அவர்கள். ஜோக் அருவியைக் காணச் செல்வோர், மழைக்காலம் தவிர்ந்த நாளில் நூல்போல ஒழுகுவதைக் கண்டு ஏமாந்து திரும்புவதுண்டு. அந்த வெள்ளம்தான் உங்கள் வீட்டு மின்விசிறியாகச் சுழல்கிறது என்று நான் சமாதானம் சொல்வேன்.

நெடுங்காலம் இம்மாநிலம் ஆற்றை மட்டுமே நம்பி வாழ்ந்தது. மழை பொய்த்த ஆண்டில் ஆலைகளும் பொய்த்தன. ஆகவேதான் 1985ஆம் ஆண்டில் ராய்ச்சூரிலே நிலக்கரி நிலையம் எழுந்தது. நிலக்கரி இம்மாநிலத்தில் கிடைப்பதன்று. தொலைதூரத்துச் சுரங்கங்களிலிருந்து ரயிலேறி வரவேண்டும். புகையும் சாம்பலும் வந்தன. ஆனால் மழையைப் பாராமல் எரிந்தது. அதன் குறையைச் சொல்லும்போது இந்த நன்றியையும் மறக்கலாகாது. பின்னர்க் கைகாவில் அணுமின் நிலையம் 2000ஆம் ஆண்டில் வந்தது. அதன் முதல் இயந்திரம் 2018ஆம் ஆண்டு முடிய 962 நாள் ஓய்வின்றி ஓடி, அப்போது உலக சாதனை படைத்தது.

இனிச் சூரியனுக்கு வருவோம். துமகூரு மாவட்டத்தில் பாவகடா என்றொரு வட்டம். மழை அங்கே விருந்தாளி; வந்தால் வந்தது. பயிரிட்டுப் பயிரிட்டுக் கடன்பட்ட அந்த மண்ணில், ஐந்து ஊர்களைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 ஏக்கரில் சூரியத் தகடுகளைப் பரப்பி, 2019ஆம் ஆண்டு முடிவதற்குள் 2,050 மெகாவாட் நிலையம் அமைத்துவிட்டார்கள். இதில் நான் மிகவும் மெச்சுவது, உழவரின் நிலத்தை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்ததுதான். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கி, அவ்வப்போது உயரும்படி ஒப்பந்தம். நிலம் அவருடையதாகவே இருக்கிறது. வானம் பார்த்து நின்ற குடும்பத்துக்கு நிலையான வருவாய் வந்தது. ஆனால் நிலமில்லாத கூலியாளுக்கு என்ன வந்தது? களை பறிப்பும் அறுப்பும் நின்றன. ஆடு மாடு மேய்த்த தரையைச் சுற்றி வேலி வந்தது. தகட்டைத் துடைக்கும் வேலையும் காவல் வேலையும் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? குத்தகைப் பணத்தில் சிறு பங்கேனும் அவர்களுக்குச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

சூரியனால் விளைந்த மிகப்பெரிய நன்மை எதுவென்று கேட்டால், நகரத்தாருக்கு விளங்காத ஒன்றைச் சொல்வேன். இம்மாநிலத்தில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பாசனப் பம்பு செட்டுகள் உள்ளன. மாநிலம் செலவழிக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அவை குடிக்கின்றன. முன்பெல்லாம் மற்றவர்கள் உறங்கிய பிறகு எஞ்சியதே உழவருக்கு, அதாவது நள்ளிரவில். நான் ஒருமுறை பணி நிமித்தம் துமகூருப் பக்கத்தில் ஓர் உழவர் வீட்டில் தங்கினேன். இரவு ஒரு மணிக்குத் திண்ணை விளக்கு பளிச்சென்றது. மூன்று பேஸ் மின்சாரம் வந்ததற்கு அதுவே அடையாளம். அவர் எழுந்து, கையில் டார்ச்சும் தடியுமாக வயலுக்குப் புறப்பட்டார். "பாம்பு இருக்குமே" என்றேன். "போன வருஷம் அண்ணனைக் கடித்தது. இந்த வருஷம் என் முறை" என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். அந்த நேரத்தை அவருக்கு ஒதுக்கிய அட்டவணையில் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன் என்று அவருக்குச் சொல்லும் துணிவு எனக்கில்லை.

அவ்வேளையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. விழித்திருக்க மனமில்லாதவர்கள் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவிடுவார்கள். மின்சாரம் வந்த கணமே, அந்தப் பீடரிலுள்ள மோட்டார்கள் எல்லாம் கோயில் மணியடித்ததும் எழும் கூட்டம்போல ஒருசேரக் கிளம்பும். சப்ஸ்டேஷனில் பீஸ் போகும், லைன்மேன் சபிப்பார்.

வீட்டு விளக்குக்கு ஒரு பீடர், பம்புக்கு ஒரு பீடர் என்று கிராமத்துக் கம்பிகளைப் பிரித்தார்கள். அதன்பின் சூரியத் தகடுகளும் பெருகவே, பம்புகளுக்கு மின்சாரத்தைப் படிப்படியாகப் பகலில் கொடுக்க வழி பிறந்தது. வெயில் இருக்கும்போது நீர் இறைக்கலாம். இறைத்த நீர் வயலில் நிற்கும். இரவில் உழவர் உறங்கலாம். எல்லா ஊர்களுக்கும் இது இன்னும் முழுமையாக எட்டவில்லை. எட்டிய ஊர்களில் மின்சாரம் கூடியதைவிட, மின்சாரத்தின் வேளை மாறியதே மக்களை வாழவைத்தது.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். தாய்மார்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். கர்நாடகத்தின் சூரிய மின்திறன் இன்று 9,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. மாநிலத்தின் உச்சத் தேவை 2025ஆம் ஆண்டு மார்ச்சில் 18,000 மெகாவாட்டைக் கடந்தது. நடுப்பகலில் கவலையில்லை. மாலை நாலரை மணிக்கு மேல் தகடுகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. ஆறரைக்குச் சூரியன் மறைகிறான். அதே வேளையில்தான் நாம் வீடு திரும்பி விளக்கு, விசிறி, மிக்ஸி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் போடுகிறோம். பல ஆயிரம் மெகாவாட் இறங்கும் அந்த இரண்டு மணி நேரத்தில், வேறெங்கிருந்தோ அதை ஏற்றியாக வேண்டும். நிலக்கரிக் கொதிகலனை அடுப்புப்போல நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியாது. பல மணி நேரம் வேண்டும். முழுத் திறனில் 55 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கி ஓட்டுவதும் எளிதன்று. ஆகவே பகலில் தேவையில்லாதபோதும் அதைக் கனன்றுகொண்டிருக்க விட்டு, சில வேளை வெயிலில் விளையும் மின்சாரத்தையே வேண்டாமென்று தள்ளுகிறோம். சித்திரதுர்க்கத்திலும் கதகிலும் உள்ள காற்றாலைகள் துணை நிற்கும். ஆனால் அவற்றுக்கு நல்ல காற்று ஆனி முதல் ஆவணி வரையில்தான். நமக்குத் தவிப்பு பங்குனியிலும் சித்திரையிலும் அல்லவா?

அப்போது கைகொடுப்பவை அந்தப் பழைய சராவதி இயந்திரங்களே. சில நிமிடங்களில் நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்கு வந்துவிடும். வயது முதிர்ந்த அவை இன்று இளம் சூரியத் தகடுகளுக்கு மாலைக் காவல் காக்கின்றன. ஆனால் அணையில் நீர் இருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாடெங்கும் மழை பொய்த்தது. இம்மாநிலத்தின் 236 வட்டங்களில் 223 வறட்சிக்கு ஆளானதாக அறிவிக்கப்பட்டன. மழையில்லாததால் பம்புகள் மிகுதியாக ஓடின, அணையோ நிறையவில்லை. அக்டோபரில் பற்றாக்குறை முற்றிற்று. உழவருக்கு ஏழு மணி நேரம் என்றிருந்தது குறைந்தது. அவர்கள் மின் அலுவலகங்களின் முன் அமர்ந்து போராடினார்கள். மாநிலத்து மின் நிலையங்கள் வெளியே விற்காமல் உள்ளூருக்கே தரவேண்டும் என்று அரசு சட்டத்தைக் காட்டி ஆணையிட்டது. தூய மின்சாரத்தில் முன்னணியில் நின்ற மாநிலம் அது என்பதை நினைவில் கொள்ளுங்கள். தகடுகளை எண்ணிப் பெருமைப்படுவோர் அந்த மாதத்தை மறவாதிருக்க வேண்டும்.

அண்டை மாநிலங்களோடு கைகோப்பது ஒரு வழி. 2012ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வடநாட்டு மின்தொகுப்பு சரிந்தபோது, இரண்டாம் நாளில் 60 கோடி மக்களின் ஊர்கள் இருண்டன. தென்னாட்டுத் தொகுப்பு அன்று அதனோடு ஒரே துடிப்பில் கட்டப்படாமல் இருந்ததால் நாம் தப்பினோம். 2013ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், நமது ராய்ச்சூரிலிருந்து சோலாப்பூருக்குப் போன 765 கிலோவோல்ட் கம்பிதான் தென்னாட்டை வடநாட்டோடு பிணைத்தது. இன்று காசுமீரத்திலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே துடிப்பு. குஜராத்தில் மிஞ்சுவது இங்கே வரும். ஆனால் மேற்கேயும் சூரியன் மறையத்தான் செய்கிறான்; சற்றுப் பின்னால் மறைகிறான், அவ்வளவே.

மற்றொரு வழி, நண்பகல் மின்சாரத்தால் கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு ஏற்றி, மாலையில் திறந்துவிடுவது. நூறு யூனிட் செலவிட்டால் எழுபத்தைந்து, எண்பது திரும்பும். நம் ஆனைமலையிலே கடம்பாறையில் 1987ஆம் ஆண்டு முதல் 400 மெகாவாட் நிலையம் இவ்வாறு நடக்கிறது. சராவதியிலும் தலக்களலே, கேருசொப்பை நீர்த்தேக்கங்களை இணைத்து 2,000 மெகாவாட்டுக்குத் திட்டம் தீட்டியிருக்கிறார்கள். பொறியாளன் என்ற முறையில் அதைப் பார்க்க என் கை துறுதுறுக்கிறது. ஆனால் சுரங்கம் தோண்ட வேண்டிய இடம் சிங்கவால் குரங்குகளின் சரணாலயம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு. ஒருமுறை ஊர்களை மூழ்கடித்து மின்சாரம் எடுத்த பள்ளத்தாக்கை மீண்டும் வெட்டுவதா என்று அங்குள்ளோர் கேட்கிறார்கள். முதலில் வேறு வழிகள் அனைத்தையும் முயன்றுவிட்டு அங்கே போகலாம் என்பதே என் கருத்து. என் பழைய தோழர்கள் பலர் இதற்கு உடன்படமாட்டார்கள். சென்ற மாதம் ஒருவர் என்னோடு காபியை ஆறவிட்டுச் சண்டையிட்டார்.

வேறு வழி என்றேனே, அது நம் காலனியிலிருந்தே தொடங்குகிறது. இம்மண்டபத்துக்குப் பின்னால் உள்ள மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரை நாம் எப்போது ஓட்டுகிறோம்? மாலை ஆறு முதல் எட்டு வரை. காவலாளி மாலையில்தான் வருகிறார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை, நான் விசாரித்துவிட்டேன். ஏற்றிய நீர் தொட்டியிலே காத்திருக்கும். அதற்கு வேளை பாகுபாடு கிடையாது. அதை நண்பகலில் ஓட்டினால், உழவரின் நள்ளிரவுக் காவலில் ஓர் இம்மியளவு நாம் திருப்பிக் கொடுத்தவர்களாவோம். ஒரு மோட்டாரால் என்ன ஆகும் என்று கேட்கலாம். பெங்களூரில் அடுக்குமாடித் தொட்டிகள் எத்தனை என்று ஒருநாள் மாடியில் நின்று எண்ணிப் பாருங்கள். அதுபோலவே துணி துவைக்கும் இயந்திரமும் இஸ்திரிப் பெட்டியும். வெந்நீருக்கு மாடியில் சூரியக் கலம் வைத்திருப்போர் ஏற்கெனவே நல்வழியில் இருக்கிறார்கள். சொந்த வீட்டு மாடியில் தகடு போட எண்ணுவோர்க்கு, 2024ஆம் ஆண்டில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நன்று, ஆயினும் மாடித் தகடும் மாலையில் உறங்கும் என்பதை மறவாமல் போடுங்கள்.

மோட்டாரின் வேளையை மாற்றுவது பற்றி நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர எழுதிக் கொடுத்திருக்கிறேன். காவலாளிக்குப் பதிலாகப் பகலில் அதை முடுக்கிவிட ஓர் ஆள் வேண்டும். ஓய்வுபெற்றவன் நான் இருக்கிறேன். முதல் மூன்று மாதம் நானே பார்த்துக்கொள்கிறேன். அதற்குப் பின் தொடர்வதற்கு இரண்டொருவர் முன்வந்தால் உதவியாக இருக்கும். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கத்தின் வாசகசாலையில் இருப்பேன். மின்கட்டணச் சீட்டைக் கொண்டு வருவோர்க்கு, எந்த வேலையை எந்த வேளைக்கு மாற்றலாம் என்று உடனிருந்து கணக்கிட்டுச் சொல்வேன்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிறிய ராஜராஜ சோழன் என்னை முறைத்துப் பார்க்கிறார். அவருக்கு வழிவிடுகிறேன்.